சந்து ஜன்னலில் கண்ட கால்கள்

என் வயதுப் பெண்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். நீங்கள் முதன்முதலில் சுடிதார் போட்டது எப்போது? கல்யாணமாகி, புருஷன் வேலை பார்த்த ஊருக்குப் போய், அங்கே நம்மைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று உறுதியான பிறகு என்று பாதிப்பேர் சொல்வீர்கள். நைட்டி என்றால் முதல் பிள்ளைப்பேறுக்குப் பிறகு. நான் பதின்மூன்று வயதில் சுடிதார் போட்டேன். அருப்புக்கோட்டையில் எங்கள் பக்கத்து நாலு தெருவிலும் முதல் சுடிதார் என் உடம்பில்தான் ஏறியது.

இதைச் சொன்னால் என் மருமகள் சிரிக்கிறாள். அவள் எம்.காம். நான் ஏழாவது பாஸ், எட்டாவது பாதி. ஆனால் அவள் மேற்பார்வை பார்க்கிற தையல் கூடத்தில் ஓடும் முப்பத்தாறு மெஷினும் நான் வாங்கிப் போட்டவை. நைட்டியும் சுடிதாரும் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் லோடு போகின்றன. ஒரு பெண் வாசலில் நடந்து வரும்போதே அவள் தோள் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று என் கண் சொல்லிவிடும். டேப்பைத் தொட மாட்டேன். என் கணிப்புத் தப்பியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பீற்றிக்கொள்கிறாள் என்று நினைப்பீர்கள். பீற்றத்தான் செய்கிறேன். எனக்கு யாரும் தட்டில் வைத்துத் தரவில்லை. ஆனால் அந்த முதல் சுடிதாரை நான் ஆசைப்பட்டுப் போடவில்லை. நூற்றுச் சொச்சம் நாள் ஒரு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு, வாசலைத் தாண்டுவதற்கு வேறு துணி இல்லாமல் போட்டேன்.

அப்போது நமக்கு மூன்றே உடுப்பு. பாவாடை சட்டை, பிறகு தாவணி, பிறகு சேலை. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நாமாகப் போக முடியாது. பெரியவர்கள் ஏற்றிவிட வேண்டும். தாவணிக்கு ஏற்றிவிடுகிறவர் தாய்மாமன். அவர் எடுத்து வரும் சேலை தோளில் விழுந்தால்தான் சடங்கு முடிந்தது என்று கணக்கு.

என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, குவைத்தில் ஒரு தையல் கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தார். பெற்றவள் சீக்கிரம் போய்விட்டதால் அம்மாதான் அவரை இடுப்பில் வைத்து வளர்த்தது. லீவில் வரும்போது அவர் உடுப்பைப் பார்க்கவே தெருப்பிள்ளைகள் கூடுவோம். எங்கள் ஊரில் அப்போதும் பேண்டின் அடிப்பாகம் தெருவைக் கூட்டிக்கொண்டு போகும். அவருடையது கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரு ஆனி மாதத்தில் அவரிடமிருந்து லெட்டர் வந்தது. கிளிப்பச்சையில் ஒரு பாரின் சேலை எடுத்து வைத்திருப்பதாகவும், மருமகள் பெரியவளாகும்போது அதுதான் தன் சீர் என்றும் எழுதியிருந்தார். அம்மா அதை மூன்று தடவை என்னை வாசிக்கச் சொன்னாள்.

ஆடியில் நான் பெரியவளானேன். அதே வாரம் குவைத்தில் சண்டை என்று ரேடியோ சொன்னது.

அப்பாவுக்குப் பருத்திக்கொட்டை, பிண்ணாக்குக் கடை. மூட்டைகளை அடுக்கி வைக்கிற அறை ஒன்று வீட்டில் சந்துப் பக்கமாக இருந்தது. அதில்தான் எனக்குப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். பிண்ணாக்கு வாடை முதலில் தலைவலிக்கும், பிறகு தெரியாது. ஒரு ஜன்னல் உண்டு. சந்தில் ரோடு போட்டுப் போட்டு மேடாகி, வீடு பள்ளத்தில் இறங்கிவிட்டதால், அந்த ஜன்னல் தெருவின் தரைக்கு வந்துவிட்டது. வெளியே பார்த்தால் போகிறவர்களுக்கு முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். முகமே கிடையாது.

அத்தை, அப்பாவின் அக்கா, பக்கத்துத் தெருவிலிருந்து வந்தார். அவர் குரல் கடைத்தெரு வரை கேட்கும். முற்றத்தில் நின்று சட்டம் சொன்னார்.

"தாய்மாமன் சேல தோள்ல விழுகாம புள்ள வாசப்படி தாண்டப்பிடாது. ஆமா, சொல்லிப்பிட்டேன்."

பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றினார்கள். அதன்பின் வீட்டுக்குள் நடமாடலாம், பின்வாசல் கிணற்றடி வரை போகலாம். முன்வாசல் மட்டும் கூடாது. மாமா பத்து நாளில் வந்துவிடுவார், மாதக் கடைசியில் வந்துவிடுவார் என்று பேச்சு. ஆவணி போனது. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்.

நாள் முழுக்க நான் என்ன செய்ய? மூட்டை மேல் உட்கார்ந்து கால்களைப் பார்த்தேன். யார் யாருக்கு எந்தப் பாவாடையில் எந்த இடத்தில் ஒட்டு என்று எனக்குப் பாடம். மூன்றாம் வீட்டுக்காரி சேலையை உள்பாவாடை தெரியக் கட்டுவாள். என்னோடு படித்த ரெண்டு பேர் பள்ளிக்கூடம் போகும்போது ஜன்னலுக்கு எதிரே மட்டும் நடையை வேகமாக்குவார்கள். ஓரத்துத் தையல் பிரிந்தால் ஒருத்தி எத்தனை நாளில் அதைத் தைத்துக்கொள்கிறாள் என்பதை வைத்து, அந்த வீட்டில் சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவேன்.

புரட்டாசியில் புதுக் கால்கள் வர ஆரம்பித்தன. சண்டையில் தப்பி, பாலைவனம் கடந்து, பம்பாய் வழியாக வந்தவர்கள். எங்கள் ஊரிலும் பந்தல்குடிப் பக்கமும் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள். எங்கள் சந்து பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கு வழி. தொடையில் மடிப்பு வைத்து அடியில் குறுகின பேண்ட், கல்லில் அடித்து வெளுத்த மாதிரி ஜீன்ஸ், வெள்ளை பூட்ஸ். கையில் எதுவும் மிஞ்சாமல் உடம்பில் இருந்ததோடு வந்தவர்கள். அந்த ஒரே உடுப்பைத்தான் ஊரே பார்த்தது. பொங்கலுக்குள் உள்ளூர்ப் பையன்கள் பெல் பேண்ட்டைப் பிரித்துக் குறுக்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு பேண்ட் தெரியும்போதும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவேன். ஒன்றும் எங்கள் வாசலில் நிற்காது.

ஐப்பசியில் கஞ்சிபோட்ட சேலை ஓரம் ஒன்று வந்து நின்றது. எங்கள் டீச்சர். முற்றத்தில் அவர் அம்மாவிடம் பேசியது எனக்குக் கேட்டது.

"கார்த்திகை கடைசிக்குள்ள பிள்ளைய அனுப்புங்க. இல்லேன்னா ரிஜிஸ்டர்ல பேர எடுத்துருவாங்க. நானும் எத்தன தடவதான் காய்ச்சல்னு சொல்றது?"

அம்மா என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை. அம்மாவின் குரல் எப்போதும் சுவரைத் தாண்டாது. டீச்சரின் சேலை ஓரம் திரும்பிப் போனதை மட்டும் பார்த்தேன். எட்டாவது பாஸானால் ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. பத்தாவது வேண்டும், அதற்கு மேலும் வேண்டும் என்பதெல்லாம் அப்போது தெரியாது. அந்தச் சேலை ஓரத்தின் கஞ்சி மொடமொடப்பு மட்டும்தான் என் கண்ணில் இருந்தது.

கார்த்திகை பாதியில் ஒரு வெள்ளிக்கிழமை, அத்தை ஒருவரைக் கூட்டி வந்தார். அம்மாவின் சித்தப்பா மகன், திருச்சுழிக்காரர். எனக்கு முறைக்கு மாமா. தாம்பாளத்தில் சிவப்புச் சேலை, பூ, பழம், தேங்காய். நான் அறைக் கதவிடுக்கில் பார்த்தேன்.

"முறைக்கு ஒரு மாமன் போதும் தாயி. வராதவனுக்காக எத்தன நாளைக்கு?" என்றார் அத்தை.

அன்றைக்குத்தான் அம்மாவின் குரல் சுவரைத் தாண்டியதைக் கேட்டேன்.

"எந்தம்பி இருக்கான் மதினி. அடுத்தவன் கையால இவ தோள்ல சேல விழுந்தா, அவன் இல்லேன்னு நாமளே ஊருக்குச் சொன்ன மாதிரி. தட்ட எடுத்துக்கிட்டுப் போங்க."

திருச்சுழி மாமா பாவம், தாம்பாளத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, காப்பி கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போனார். ஜன்னல் வழியாக அந்த வேட்டியும் அத்தையின் கெண்டைக்கால் தெரியும் சேலையும் போனதைப் பார்த்தேன். அத்தையின் நடை அன்றைக்கு மெதுவாக இருந்தது. நான் அவரைச் சபித்தேன். என்னைப் பூட்டி வைத்ததும் இவர், என் மாமாவைச் சாகடிக்க வந்ததும் இவர். இனிச் செத்தாலும் இவரோடு பேசுவதில்லை என்று பிண்ணாக்கு மூட்டை மேல் அடித்துச் சத்தியம் செய்தேன். பதின்மூன்று வயதுச் சத்தியம் எவ்வளவு கெட்டியானது என்று உங்களுக்குத் தெரியும்.

கார்த்திகை முடிந்தது.

மார்கழி முதல் வாரம். மத்தியானம். ஜன்னலுக்கு எதிரே ரெண்டு கால் வந்து நின்றன. பேண்ட் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நின்றது, யாரோ குள்ளமானவருக்குத் தைத்தது. ஒரு காலில் ரப்பர் செருப்பு, மறுகாலில் தோல் செருப்பு. கால் தோல் பொரிந்து சாம்பலாக இருந்தது. பிச்சை கேட்டு வந்தவர் என்று நினைத்தேன்.

"சோறு இல்லங்கய்யா, அடுத்த வீடு பாருங்க" என்றேன்.

கால்கள் நகரவில்லை. பிறகு முழங்கால் மடங்கி, அந்த ஜன்னலில் முதன்முதலாக ஒரு முகம் வந்தது.

"ஒரு வாய் தண்ணி கூடவா இல்ல, மருமகளே?"

நான் கத்தின கத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அவரைக் கட்டிக்கொண்டு அவள் அழவில்லை. அவர் தலையிலிருந்து கால்வரை தடவித் தடவி, இருக்கிறாரா என்று பார்த்தாள். நாலு மாதமாக அவள் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. அன்றைக்கு நிமிர்ந்தாள்.

பாஸ்போர்ட் முதலாளியிடம் மாட்டிக்கொண்டது, எல்லையில் முகாம், காய்ச்சல். இவ்வளவுதான் சொன்னார். கொண்டு வந்தது ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் கிளிப்பச்சை. ஆனால் பாதிதான் இருந்தது. பாலைவனத்து முகாமில் ஒரு பிள்ளை பெற்றவளுக்கு வெயில் படாமல் இருக்க அந்தச் சேலையைக் கம்பி குத்திக் கட்டிக் கூரையாக்கியிருக்கிறார். கிளம்பும்போது அவளுக்குப் பாதியைக் கிழித்துக் கொடுத்துவிட்டு மீதியைச் சுருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வெயில் தின்று வரி வரியாக வெளுத்திருந்தது. அங்கங்கே கம்பி குத்திய ஓட்டை. மடிப்புக்குள் இருந்த இடம் மட்டும் இன்னும் கிளி மாதிரியே இருந்தது.

அம்மா விரித்துப் பார்த்தாள். மறுபடி குனிந்துவிட்டாள். கிழிந்த துணியைச் சீராகப் போட மாட்டார்கள். சேலையாகக் கட்டவும் நீளம் காணாது. தாவணி என்றால் ஓட்டை ஊருக்கே தெரியும்.

மாமாதான் அதை அறைத் தரையில் விரித்தார். முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஓட்டையையும் சாக்பீஸால் வட்டம் போட்டார்.

"உடுத்தினாத்தான்க்கா ஓட்ட தெரியும். வெட்டினாத் தெரியாது. மருமகளே, அந்த நுனியப் பிடி."

பிடித்தேன். என் தொழிலில் நான் தொட்ட முதல் துணி அதுதான். ஓட்டைகளுக்கு நடுவில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கை ரெண்டு என்று கத்திரி வளைந்து வளைந்து போனது. குவைத்தில் பஞ்சாபிக்காரிகளுக்கு ஆயிரம் சுடிதார் தைத்த கை. கால் பகுதிக்குத் துணி மிஞ்சவில்லை. அப்பா தீபாவளிக்கு எடுத்துக் கட்டாமல் வைத்திருந்த எட்டு முழ வேட்டியைக் கொடுத்தார். அந்த நாலு மாதத்தில் அப்பா எனக்காகச் செய்தது அது ஒன்றுதான், ஆனால் செய்தார். எதிர்வீட்டு மெஷினை வாங்கி வந்து, பொழுது சாய்வதற்குள் மாமா தைத்து முடித்துவிட்டார்.

என் தோளில் மாமா கையால் அது ஏறியது. பூ வைத்தார்கள். அம்மா தள்ளி நின்று பார்த்தாள்.

"காலு ரெண்டும் தனித்தனியாத் தெரியுதேடா தம்பி" என்றாள்.

சேதி கேட்டு வந்திருந்த அத்தை முற்றத்தில் இருந்தே குரல் கொடுத்தார்.

"புள்ளைக்குக் காலு ரெண்டுன்னு ஊருக்குத் தெரியாதாக்கும். சேலையா சட்டையான்னு சாமி வந்து முழம் போட்டுப் பாக்கப் போகுதா? மொதல்ல அவள வெளிய விடு தாயி."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். என் மாமாவின் கிழிந்த சீரைக் கேலி செய்கிறார் என்று நான் பல்லைக் கடித்தேன். அந்த வீட்டில் 'வெளியே விடு' என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவர்தான் என்பது என் காதில் விழவில்லை.

மறுநாள் அதையே போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். பாவாடை இல்லாமல் காலுக்கு நடுவில் காற்று போவது விசித்திரமாக இருந்தது. வெயில் கண்ணைக் குத்தியது. முழு ஆட்களைப் பார்த்து நாளாகியிருந்தது. முகங்கள் எல்லாம் ரொம்பப் பெரிதாக இருந்தன, எல்லாம் என்னையே பார்த்தன. பள்ளியில் பெரிய டீச்சர் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். என் பேரின் மேல் சிவப்புக் கோடு. போன வாரம்தான் போட்டிருந்தார்கள். ஜூன் மாதம் அப்பாவோடு வா, இந்த உடுப்பில் வராதே என்றார். எங்கள் டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூன் வந்தபோது, படித்தது போதும் என்றார் அப்பா.

மாமாவுக்குத் திரும்பிப் போக வழியில்லை. மூட்டைகளை ஒதுக்கி, அதே அறையில் ஒரு மெஷின் போட்டார். நான் காஜா எடுத்தேன், பட்டன் வைத்தேன், பிறகு வெட்டினேன். மறுபடியும் அதே ஜன்னல், அதே கால்கள். வெளியே விட்டார்கள் என்றுதான் பேர். விடிந்தால் அங்கே, பொழுது சாய்ந்தால் அங்கே.

ஆனால் கால்கள் மாறின. சண்டை ஓய்ந்த பிறகு, மாமாவைப் போலத் திரும்பி வந்து வேலையில்லாத வெட்டுக்காரர்கள் நாலைந்து பேர் ஊரில் மெஷின் போட்டார்கள். அங்கே படித்த வெட்டு இங்கே தெருவில் இறங்கியது. முதலில் மதுரை பஸ்ஸுக்குப் போகும் காலேஜ் பிள்ளைகள் சுடிதாருக்கு வந்தார்கள். அடுத்து டைப் கிளாஸ் பிள்ளைகள். அடுத்து, பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் மட்டும் தாவணி என்றாகிவிட்டது. நைட்டி முதலில் வீட்டுக்குள் இருந்தது. ஒரு நாள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குழாயடிக்கு வந்தது. கொஞ்ச நாளில் அந்தத் துண்டோடு பலசரக்குக் கடைக்கே போனது. அடி மடிப்புக்கு ஒரு விரல் மேலே நான் இன்னொரு தையல் போடுவேன், அது என் அடையாளம். நாலைந்து வருஷத்தில் ஜன்னலில் போகும் கால்களில் பாதி என் ரெட்டைத் தையலோடு போயின. நான் தைத்த துணி எல்லாம் தெருவில் நடந்தது. நான் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

பத்தொன்பது வயதில் எனக்கு ஒரு கதவு திறந்தது. மதுரையில் ஒரு துணிக் கம்பெனியில் வெட்டு வேலை, தங்க இடம் உண்டு. திங்கட்கிழமை சேர வேண்டும். அதே வாரம் மாமா மறுபடி குவைத்துக்குப் பிளேன் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை நான் பை கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து அறை வாசலில் உட்கார்ந்தாள். தடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்தாள்.

"போய்ச் சேந்தேன்னு அவன் லெட்டரு வரட்டுமே. அப்புறமாப் போயேன்" என்றாள், சுவர் தாண்டாத குரலில்.

பையின் வாரைப் பிடித்தபடி அவளையே பார்த்தேன். ஆறு வருஷத்துக்கு முன் என்னை உள்ளே வைத்திருந்த ஆள் யாரென்று அப்போதுதான் கண்டுகொண்டேன். சட்டம் சொன்னது அத்தைதான். ஆனால் அதைத் தளர்த்தச் சேலையோடு வந்ததும் அத்தைதான். நான் உள்ளே இருக்கிற வரைக்கும் தம்பி உயிரோடு இருப்பான் என்று பிடித்துக்கொண்டிருந்தது இந்தச் சின்னக் குரல். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பிடித்துக்கொள்ள அவளுக்கு வேறு எதுவும் கையில் இல்லை, நான்தான் இருந்தேன்.

பையை அவிழ்த்தேன். முதல் தடவை வைத்திருந்தார்கள், இருந்தேன். இந்தத் தடவை தெரிந்தே இருந்தேன். பதினெட்டு நாள். மதுரை வேலைக்கு வேறொருத்தி போனாள். பதினெட்டாம் நாள் காக்கிப் பேண்ட் ஒன்று ஜன்னலுக்கு எதிரே வந்து நின்றது. அம்மா லெட்டரை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள்.

அன்றைக்கு மத்தியானமே ஒரு நைட்டி தைத்தேன். பக்கத்துத் தெருதான். ஆறு வருஷமாக விசேஷ வீடுகளில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள், அத்தை வாசலில் போய் நின்றேன். முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"வா மருமகளே. இப்பத்தான் வழி தெரிஞ்சதாக்கும்?"

நைட்டியை நீட்டினேன். கட்டியிருந்த சேலைக்கு மேலேயே மாட்டிப் பார்த்தார். தோள் ரெண்டும் முழங்கைக்கு வழிந்தன, கழுத்து ஒரு பக்கம் சரிந்தது. இன்னொரு ஆள் உள்ளே நிற்கலாம். நான் வைத்திருந்தது பதின்மூன்று வயதில் கதவிடுக்கில் பார்த்த பெரிய அத்தையின் அளவு. அவர் எப்போது இப்படி இளைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"இருக்கட்டும்த்தா" என்றார், துணியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு. "உள்ள நல்லாக் காத்து வருது."